விலையும் பெறுமதியும்

விழா மலரொன்றிலே தமிழாசிரியன் ஒருவன் பனிக்கட்டி ஹொக்கியைப் பற்றி எழுதப் புகுந்தமை வாசகர் சிலருக்கு வியப்பையும், வேறு சிலருக்கு நகைப்பையும் தரக்கூடும். பனிக்கட்டியைக் குளிர்பானக் குவளையிலன்றி வேறெங்கும் கண்டறியாதவன் யான். ஆயினும் இக்கட்டுரை பிறந்த வரலாறு சொல்லத்தக்கது.

சென்ற ஆண்டு ஓகஸ்ற் விடுமுறையிலே, ரொறன்ரோ மாநகரில் வாழும் நம் பழைய மாணவர் இருவர் என் இல்லம் வந்து, விறாந்தையில் அமர்ந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தனர். பேச்சு எங்கெங்கோ சென்று, ஈற்றில் அந்நாட்டு விளையாட்டில் வந்து நின்றது. 2007ஆம் ஆண்டிலே நியூயோர்க் றேஞ்சர்ஸ் என்னும் கழகம் ஒரே நாளில் இரண்டு நடுவீரரைப் பெரும்பொருள் கொடுத்துக் கொண்டதே, அது வீண்விலையா, தகுந்த விலையா என்பதே அவர்தம் வழக்கு. ஒருவர், "சேர், அவர்கள் கிண்ணம் வெல்லவில்லை, ஆகவே காசு வீண்" என்றார். மற்றவர், "அந்த இருவரில் ஒருவரை விற்றுத்தானே பிற்காலத் தலைவரைப் பெற்றார்கள், ஆகவே காசு நட்டமில்லை" என்றார். இருவரும் என்னை நோக்கித் தீர்ப்புக் கேட்டனர். எனக்கு அவ்விளையாட்டுத் தெரியாது. ஆனால் இருவர் வாதத்திலும் ஒரே குறை உண்டென்பது மட்டும் அப்போதே புலப்பட்டது. அக்குறை யாதென்பதைப் பின்னர்க் கூறுவேன். அன்றுதொட்டுச் சில மாதம் இவ்விடயத்தைத் தேடிப் படித்து, என் தீர்ப்பை இங்கே எழுத்தில் வைக்கின்றேன்.

ஆட்டமும் நடுவீரரும்

நம் மைதானங்களில் ஆடப்படும் ஹொக்கியை அறிந்தார்க்கு இதன் அமைப்பு விளங்குதல் எளிது. களம் 200 அடி நீளமும் 85 அடி அகலமுங் கொண்ட பனிக்கட்டித் தளம். பந்துக்குப் பதிலாக இறப்பராலாய தட்டையான வட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே வேளையில் களத்தில் நிற்போர் அறுவர்: கோல் காப்பாளர் ஒருவர், பின்காப்போர் இருவர், முன்னணியினர் மூவர். அம்மூவரில் இடையே நிற்பவரே சென்ரர் எனப்படும் நடுவீரர். சறுக்கி ஓடுதல் மிகுந்த களைப்பைத் தருதலின், முன்னணி மூவர் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே ஆடி வெளியேற, அடுத்த மூவர் புகுவர். இவ்வாறு ஒரு கழகத்துக்கு நான்கு முன்னணித் தொகுதிகள் வேண்டும். எனவே நடுவீரர் நால்வர் வேண்டும்.

நடுவீரர் பணி மற்றையோர் பணியினும் கனதியானது. ஆட்டம் நிறுத்தப்பட்டுத் தொடங்கும்போதெல்லாம் எதிரியோடு முகத்துக்கு முகம் நின்று வட்டைக் கைப்பற்ற முயல்பவர் அவரே. தாக்கும்போது இருபுறத்தாருக்கும் வட்டைப் பங்கிட்டுக் கொடுப்பவர் அவரே. எதிரி தாக்கும்போது தம் கோலருகே ஓடிவந்து பின்காப்போர்க்குத் துணை நிற்பவரும் அவரே. இதனால் நல்ல நடுவீரர் கிடைத்தல் அரிது. கிடைத்தவரை எக்கழகமும் எளிதிற் கைவிடாது. அரியது அகப்படும் நாளில் விலை ஏறுதல் உலகியற்கை.

ஒருவர் போட்ட கோலுக்கு ஒரு புள்ளியும், கோலுக்குத் துணைபுரிந்தமைக்கு ஒரு புள்ளியும் கணக்கிடுவது அவ்விளையாட்டின் வழக்கம். இக்கட்டுரையில் வீரர் பெற்ற புள்ளி என வருவது இதனையே. அக்காலத்தில் ஒரு பருவத்தில் ஒரு கழகம் 82 ஆட்டம் ஆடியது.

சந்தை உருவான விதம்

வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கி லீக்கிலே 2004-05ஆம் பருவம் முழுவதும் ஆட்டமின்றியே கழிந்தது. உரிமையாளருக்கும் வீரருக்கும் இடையே எழுந்த சம்பளப் பிணக்கே காரணம். 2005ஆம் ஆண்டு யூலையில் இணக்கம் ஏற்பட்டபோது இரண்டு புதிய விதிகள் வந்தன. முதலாவது, எந்தக் கழகமும் தன் வீரர்க்கு ஒரு பருவத்தில் இவ்வளவுக்கு மேற் செலவிடலாகாது என்னும் உச்சவரம்பு. இரண்டாவது, வீரர் முழுச் சுதந்திரத்துடன் விரும்பிய கழகத்திற் சேர்வதற்கான வயது, முன்னர் 31 ஆக இருந்தது, படிப்படியாகக் குறைக்கப்பட்டமை. ஏழு பருவம் ஆடியவரும் அவ்வுரிமை பெற்றனர். ஒப்பந்தக்காலம் முடிந்து இவ்வாறு எங்குஞ் செல்லக்கூடியவரைக் கட்டுநீங்கிய வீரர் என்போம்.

இவ்விரு விதிகளும் ஒன்றையொன்று எதிர்த்து இழுப்பவை. முன்னையது செலவைக் கட்டுப்படுத்துகிறது. பின்னையதோ, வலிமை குன்றாத இளவயதினரைச் சந்தைக்குக் கொண்டுவந்து விலையை ஏற்றுகிறது. உச்சவரம்போ ஆண்டுதோறும் உயர்ந்தது. 2005-06இல் 3 கோடி 90 இலட்சம் டொலர். அடுத்த பருவம் 4 கோடி 40 இலட்சம். 2007-08இல் 5 கோடி 3 இலட்சம். ஆகவே 2007 யூலை முதலாம் நாள் சந்தை திறந்தபோது கழகங்களின் மடியிற் புதிய பணம் இருந்தது. சந்தையிலோ சிறந்த நடுவீரர் ஒரு சிலரே இருந்தனர்.

றேஞ்சர்ஸ் கழகம் 1994இல், ஐம்பத்துநான்கு ஆண்டு காத்திருந்து ஸ்ரான்லிக் கிண்ணத்தை வென்றது. பின்னர் 1997-98 முதல் 2003-04 வரை தொடர்ந்து ஏழு பருவம், பெருஞ்செலவு செய்தும், இறுதிச்சுற்று ஆட்டங்களுக்கே தகுதி பெறவில்லை. புதிய விதிகளின் கீழ் அது மீண்டும் தலையெடுத்தது. செக் நாட்டு வீரர் யாரொமிர் யாகர் தாக்குதலுக்கும், சுவீடன் நாட்டு ஹென்றிக் லுண்ட்குவிஸ்ற் கோல் காவலுக்கும் தூண்களாயினர். 2007 மே மாதத்திலே பவலோ சேபர்ஸ் கழகத்துடன் இரண்டாஞ் சுற்றில் மோதியபோது, இரு பக்கமும் இரண்டிரண்டு வெற்றி பெற்றிருக்க, ஐந்தாம் ஆட்டத்தில் றேஞ்சர்ஸ் ஒரு கோல் முன்னின்றது. முடிவுக்கு எட்டு விநாடிகூட இல்லாத வேளையிற் பவலோவின் கிறிஸ் டுறூரி கோல் போட்டு ஆட்டத்தைச் சமப்படுத்தினார். மேலதிக நேரத்திற் பவலோ வென்றது. அடுத்த ஆட்டத்தோடு றேஞ்சர்ஸ் வெளியேறியது. தம்மை வீழ்த்திய அந்தக் கையையே இரண்டு மாதத்தில் விலைக்கு வாங்க அவர்கள் முற்பட்டமை மனித இயல்பு.

யூலை முதலாம் நாள்

அன்று றேஞ்சர்ஸ் முகாமையாளர் கிளென் சேதர் செய்த ஒப்பந்தங்கள் இரண்டு. நியூ ஜேர்சி டெவில்ஸ் கழகத்தின் ஸ்கொட் கோமெஸ் என்பாருக்கு ஏழாண்டுக்கு 5 கோடி 15 இலட்சம் டொலர். கிறிஸ் டுறூரிக்கு ஐந்தாண்டுக்கு 3 கோடி 52 இலட்சத்து 50 ஆயிரம் டொலர். உச்சவரம்புக் கணக்கில் ஒப்பந்தத்தின் ஆண்டுச் சராசரியே கொள்ளப்படும். அதன்படி கோமெஸ் 73 இலட்சத்து 57 ஆயிரம், டுறூரி 70 இலட்சத்து 50 ஆயிரம். கூட்டினால் 1 கோடி 44 இலட்சத்துச் சொச்சம். உச்சவரம்பு 5 கோடி 3 இலட்சம் ஆதலின், ஏறத்தாழ 28½ வீதம் இருவருக்கே சென்றது. எஞ்சிய 71½ வீதத்தைக்கொண்டு இன்னும் இருபதின்மருக்கு மேல் ஊதியம் கொடுத்தல் வேண்டும்.

இவ்விருவரும் எளியரல்லர். அலாஸ்காவிலே பிறந்த கோமெஸ் 2000ஆம் ஆண்டிற் சிறந்த புதுமுக வீரருக்கான பரிசைப் பெற்றவர். 2000, 2003 ஆகிய ஆண்டுகளிற் கிண்ணம் வென்ற அணியில் ஆடியவர். அப்போது வயது 27. டுறூரி 1999இல் அதே புதுமுகப் பரிசைப் பெற்று, 2001இற் கொலராடோ அணியுடன் கிண்ணம் வென்றவர். இக்கட்டான வேளையிற் கோல் போடுபவர் எனப் பெயர் வாங்கியவர். பவலோவில் இணைத்தலைவராய் இருந்தவர். வயது முப்பதைத் தாண்டி முப்பத்தொன்றை எட்டிக்கொண்டிருந்தார்.

மூன்று அளவுகோல்

விலை மிகையா என்று காண்பதற்கு, வாங்கிய நாளில் வாங்குவோன் அறிந்திருந்தவற்றையே அளவுகோலாகக் கொள்ளல் வேண்டும். பின்னர் நிகழ்ந்தவற்றை அளவுகோலாக்குதல் முறையன்று. அன்று கையிலிருந்த அளவுகோல்கள் மூன்று.

முதலாவது, அதே நாளில் அதே சந்தையில் விலைபோன பிறர். பவலோவின் மற்றை இணைத்தலைவர் டானியல் பிறியேர் என்னும் நடுவீரரும் அன்றே கட்டுநீங்கியவர். அவரைப் பிலடெல்பியா பிளையர்ஸ் கழகம் எட்டாண்டுக்கு 5 கோடி 20 இலட்சத்துக்குக் கொண்டது. ஆண்டுச் சராசரி 65 இலட்சம். முந்திய இரு பருவத்தையும் சேர்த்து நோக்கின், பிறியேர் 129 ஆட்டத்தில் 153 புள்ளி. கோமெஸ் 154 ஆட்டத்தில் 144. டுறூரி 158 ஆட்டத்தில் 136. ஓர் ஆட்டத்துக்கு முறையே 1.19, 0.94, 0.86 எனக் கொள்ளலாம். மிகுதியாகப் புள்ளி பெற்றவர் குறைந்த விலைக்கும், குறைவாகப் பெற்றவர் கூடிய விலைக்கும் போயினர். பிறியேரின் விலையை அளவாக வைத்துத் திரைராசிகக் கணக்குப் போட்டால், கோமெஸ் 51 இலட்சம், டுறூரி 47 இலட்சம் என வரும். பிறியேருக்குக் கிடைத்தது மற்றை இருவரதினும் நீண்ட ஒப்பந்தமாதலின் அவரது சராசரி சற்றுக் குறைந்தது என்று சலுகை கொடுப்பினும், இடைவெளி பெரிதே.

இரண்டாவது, நடுவர் தீர்ப்பு. 2006ஆம் ஆண்டுக் கோடையிற் கோமெஸ் தம் கழகத்தோடு சம்பளத்தில் உடன்படாமையால், விதிப்படி வெளி நடுவரிடம் வழக்குச் சென்றது. நடுவர் ஓராண்டுக்கு 50 இலட்சம் எனத் தீர்த்தார். அதற்கு முந்திய பருவத்திலே கோமெஸ் பெற்றது 84 புள்ளி. அதில் 33 கோல். தீர்ப்புக்குப் பிந்திய பருவத்திலோ 72 ஆட்டத்தில் 60 புள்ளி, 13 கோல் மாத்திரமே. உச்சவரம்பு 4 கோடி 40 இலட்சத்திலிருந்து 5 கோடி 3 இலட்சத்துக்கு உயர்ந்தமைக்கேற்ப அந்த 50 இலட்சத்தையும் உயர்த்தினால் 57 இலட்சம் வரும். அதாவது, ஆட்டம் மங்காதிருந்தாலுங்கூட 57 இலட்சமே தகும். மங்கியபின் 73 இலட்சம் கொடுக்கப்பட்டது. கட்டுநீங்கிய வீரருக்கு நடுவர் விலையினும் சற்று மேலாகக் கொடுத்தல் வழக்கமே. ஆயின் 16 இலட்சம் 'சற்று' ஆகாது.

மூன்றாவது, தம் கழகத்திலேயே தங்கிய பெருவீரர். அதே கோடையில் சன் ஹோசே கழகத்தின் ஜோ தோர்ன்ரன், 2006இல் லீக்கின் மிகப் பெறுமதி வாய்ந்த வீரர் விருது பெற்றவர், மூன்றாண்டு நீடிப்புக்கு ஆண்டுக்கு 72 இலட்சம் பெற இசைந்தார். முந்திய பருவத்தில் அவர் பெற்ற புள்ளி 114. பிற்ஸ்பேர்க் கழகத்தின் இளஞ்சிங்கம் சிட்னி குறொஸ்பி 120 புள்ளி பெற்று, ஐந்தாண்டுக்கு ஆண்டொன்றுக்கு 87 இலட்சம் எனக் கையொப்பமிட்டார். இவர்கள் திறந்த சந்தைக்குப் போகாதவராதலின் நேரொப்பீடு செய்தல் முற்றும் பொருந்தாது. எனினும், உலகின் தலைசிறந்த ஆட்டக்காரருள் ஒருவராகிய தோர்ன்ரனினும் கோமெஸ் கூடுதல் விலையினராயிருந்தமை, விலைத்தராசு எங்கோ சரிந்துவிட்டது என்பதைக் காட்டப் போதுமானது.

மறுபக்க நியாயம்

ஒருபக்கத்தை மாத்திரம் கேட்டுத் தீர்ப்பளித்தல் அறமன்று. றேஞ்சர்ஸ் சார்பிற் சொல்லத்தக்கன மூன்று உண்டு.

புள்ளி ஒன்றே நடுவீரரின் பெறுமதி அன்று என்பது ஒன்று. டுறூரி எதிரியின் அடிகளைத் தம் உடலால் மறித்தவர். தம் பக்கத்தில் ஒருவர் தண்டனையால் வெளியேறியிருக்கும் வேளையிற் காவல் நின்றவர். கோமெஸ் பின்களத்திலிருந்து வட்டைத் தாமே தாங்கி எதிரியின் எல்லைக்குட் கொண்டுசெல்வதில் வல்லவர். இவற்றுக்கு விலை உண்டு. இவற்றிற்காக ஒவ்வொருவருக்கும் எட்டுப் பத்து இலட்சத்தைக் கூட்டுவோம்.

உச்சவரம்பு உயர்ந்துகொண்டே போகும் என்ற எதிர்பார்ப்பு இரண்டாவது. இரண்டாண்டில் 1 கோடி 13 இலட்சம் உயர்ந்ததைக் கண்டவர், இன்றைக்குப் பாரமாயிருப்பது நாளைக்கு இலேசாகும் என்று கருதியதிற் பிழையில்லை. உண்மையும் ஓரளவு அவ்வாறே ஆயிற்று. 2007-08இல் டுறூரியின் பங்கு 14 வீதம். 2011-12இல் வரம்பு 6 கோடி 43 இலட்சமாக உயர்ந்தபோது அதே தொகை 11 வீதமே. ஆயினும் இடையிலே 2008ஆம் ஆண்டு நிதி நெருக்கடியை அடுத்து, வரம்பு 2008-09இல் 5 கோடி 67 இலட்சம், 2009-10இல் 5 கோடி 68 இலட்சம் என ஏறக்குறைய அசையாது நின்றது. பாரம் மிகுந்த வேளையிலே இளைப்பாற்றி கிடைக்கவில்லை.

அன்றைய சந்தையின் கொதிநிலை மூன்றாவது. பவலோ ஒரே நாளில் இரு தலைவரையும் இழந்தது. சில நாளின் பின்னர் எட்மன்ரன் கழகம் பவலோவின் இளவீரர் தொமஸ் வனெக்குக்கு ஏழாண்டு 5 கோடி டொலர் தருவதாக முன்வர, மேலும் இழக்க அஞ்சிய பவலோ அதே தொகையைத் தானே கொடுத்து அவரைத் தக்கவைத்தது. ஆகவே றேஞ்சர்ஸ் தனியே மதிமயங்கவில்லை, சந்தையே கொதித்திருந்தது. ஆயின் ஊரெல்லாம் மிகைவிலை கொடுத்தமை, ஒருவன் கொடுத்த மிகைவிலையை நேர்விலை ஆக்கிவிடாது.

வென்றவன் தோற்றல்

இவ்விடத்திலே பொருளியல் அறிஞர் எடுத்தாளும் கருத்தொன்றை அறிதல் பயனுடைத்து. 1971ஆம் ஆண்டிலே, மெக்சிக்கோ வளைகுடாவில் எண்ணெய் நிலங்களுக்கான ஏலங்களை ஆராய்ந்த அமெரிக்கப் பொறியியலாளர் மூவர், ஏலத்தில் வென்ற கம்பனிகள் பெரும்பாலும் எதிர்பார்த்த இலாபம் பெறாமையை எடுத்துக்காட்டினர். காரணம் எளியது. ஒரு பொருளின் உண்மைப் பெறுமதியை எவருந் திட்டமாக அறியார், ஒவ்வொருவரும் மதிப்பிடுகின்றனர். சிலர் குறைத்து மதிப்பர், சிலர் கூட்டி மதிப்பர். ஏலத்தில் வெல்பவர் யார்? யாவரினும் கூட்டி மதித்தவரே. எனவே வெற்றியே பிழைக்கு அறிகுறியாகிவிடுகிறது. இதனை வென்றவனின் சாபம் என்பர்.

கட்டுநீங்கிய வீரர் சந்தை ஒருநாள் ஏலமே. முப்பது கழகங்கள் மதிப்பிட்டன. அவற்றுட் கோமெஸை மிக உயர்வாக மதித்த கழகம் அவரைப் பெற்றது. டுறூரியை மிக உயர்வாக மதித்த கழகம் அவரைப் பெற்றது. இரண்டும் ஒரே கழகமாயிருந்தமைதான் விசேடம். ஒருமுறை அச்சாபத்துக்கு ஆளாதல் தவிர்க்கவியலாதது ஆகலாம். ஒரே நாளில் இருமுறை ஆளாதலை ஊழின்மேற் போடவியலாது.

ஆளும் பணியும்

விலையினும் பெரிய பிழை இன்னொன்று என்பது என் எண்ணம். திருக்குறளிலே தக்காரைத் தெரிந்தெடுத்தலுக்கு ஓர் அதிகாரமும், தெரிந்தெடுத்தவரைத் தக்க பணியிற் பொருத்துதலுக்கு அடுத்த ஓர் அதிகாரமும் தனித்தனியே வகுக்கப்பட்டுள்ளன. ஆள் நல்லவராயிருத்தல் வேறு. பணிக்குப் பொருந்துதல் வேறு.

2006-07இலே யாகர் 96 புள்ளி பெற்றபோது அவருக்கு நடுவே நின்றவர் மைக்கல் நைலாண்டர். அவர் பெற்றது 83 புள்ளி. வட்டை நெடுநேரம் தம்மிடம் வைத்து, நிதானமாக ஆடுவது அவ்விருவரின் பொதுப் பாணி. அந்த நைலாண்டரைப் போகவிட்டனர். அவர் நான்காண்டுக்கு 1 கோடி 95 இலட்சம், அதாவது ஆண்டுக்கு 50 இலட்சத்திலும் சற்றுக் குறைவான தொகைக்கு வோஷிங்ரன் சென்றார். கோமெஸோ வேகமாக ஓடி ஆடும் பாணியினர். இருவர் பாணியும் இயையவில்லை. அப்பருவத்திலே யாகருக்கு நடுவே நெடுங்காலம் நின்றவர், சொற்பச் சம்பளம் பெற்ற புதுமுகம் பிறண்டன் டுபின்ஸ்கி. யாகரின் புள்ளி 96இலிருந்து 71ஆக இறங்கியது. மறு கோடையில் அவர் இரசியா சென்றார். விலையுயர்ந்த இரு நடுவீரரின் வட்டைப் பெற்றுக் கோல் போடுவதற்குத் தக்க பக்கவீரர் குறைவாயினர். அத்தகையோரை வாங்கும் பணத்தில் ஒரு பங்கு இவ்விருவரின் மிகைவிலையிலே முடங்கிக் கிடந்தது.

நிகழ்ந்தவை

இனி நிகழ்ந்தவற்றைச் சுருங்கக் கூறுவேன். கோமெஸ் முதற்பருவம் 70 புள்ளி, இரண்டாம் பருவம் 58. டுறூரி 58, 56, 32 எனச் சென்று, நான்காம் பருவத்தில் விரல் முறிவாலும் முழங்கால் நோவாலும் 24 ஆட்டமே ஆடி, ஒரே ஒரு கோலுடன் 5 புள்ளி பெற்றார். கழகமோ 2006-07இல் 94 அணிப்புள்ளி பெற்றது. பின்னைய நான்கு பருவத்திலும் 97, 95, 87, 93. 2008இல் இரண்டாஞ் சுற்றிலும், 2009இல் முதற் சுற்றிலும் தோற்றது; 2010இல் இறுதிச்சுற்றுக்கே செல்லவில்லை. சுருங்கச் சொல்லின், நின்ற இடத்திலேயே நின்றது.

2009 யூன் 30ஆம் நாள் கோமெஸை மொன்றியல் கனேடியன்ஸ் கழகம் அவரது ஒப்பந்தத்தோடு ஏற்றுக்கொண்டது. பண்டமாற்றாகப் போந்தவருள் றயன் மக்டோனா என்னும் இளம் பின்காப்பாளரும் ஒருவர். மறுநாளே றேஞ்சர்ஸ் விடுபட்ட பணத்தைக்கொண்டு மரியன் காபொறிக்கை வாங்கியது; அவர் முதற்பருவத்திலேயே 42 கோல் போட்டார். மக்டோனா 2014இல் றேஞ்சர்ஸ் தலைவரானார். அவ்வாண்டு கழகம் இறுதிப்போட்டிவரை சென்று லொஸ் ஏஞ்சலிஸிடம் தோற்றது. மொன்றியலிலே கோமெஸ் 2011 பெப்புருவரி முதல் 2012 பெப்புருவரி வரை, ஓராண்டுக்கு மேலாக, ஒரு கோலும் போடவில்லை. 2013 யனவரியில் அக்கழகம் மிச்ச ஒப்பந்தத்தைப் பணங்கொடுத்து முறித்தது.

டுறூரியின் ஒப்பந்தத்தை றேஞ்சர்ஸ் 2011 யூனில் முறித்தது. எஞ்சிய ஓராண்டுச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கை ஈராண்டிற் கொடுத்தல் விதி. ஆகவே அவர் ஆடாத 2011-12இல் 37 இலட்சத்து 17 ஆயிரமும், 2012-13இல் 16 இலட்சத்து 67 ஆயிரமும் கழகத்தின் உச்சவரம்பில் இடம்பிடித்துக் கிடந்தன. ஓகஸ்றில் அவர் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

தீர்ப்பு

முதல்வர் சொன்னார்: கிண்ணம் வெல்லவில்லை, ஆகவே காசு வீண் என்று. அந்நாளில் முப்பது கழகத்துள் ஆண்டுக்கு ஒன்றே கிண்ணம் வென்றது. வெல்லாத இருபத்தொன்பதும் வீண்செலவு செய்தனவென்றால் அச்சொல்லுக்குப் பொருளே இல்லை. இரண்டாமவர் சொன்னார்: மக்டோனா கிடைத்தார், ஆகவே நட்டமில்லை என்று. மக்டோனா கிடைத்தது 2007இற் கொடுத்த விலையின் சிறப்பாலன்று. அவ்விலையை அப்படியே தன் தலையில் ஏற்ற இன்னொரு கழகம் 2009இல் அகப்பட்டமையால். ஒருவன் காணியை மிகைவிலைக்கு வாங்கி, அதனினும் அறியாதவன் ஒருவனுக்கு விற்றுத் தப்பினால், அவன் நற்பேறுடையன் எனலாம். நன்கு விலைபேசினான் எனலாகாது.

இருவர் வாதத்திலும் உள்ள குறை இதுவே: முடிவை அதன் விளைவுகொண்டு மதித்தார்கள், முடிவெடுத்தவன் அன்று அறிந்திருந்ததைக்கொண்டு மதித்தாரல்லர். அன்று அறியக்கிடந்தவற்றை வைத்தே நோக்கினும், மேலே கண்ட அளவுகோல்களும் காவற்பணிக்கான கூட்டலும் சேர, இருவருக்கும் தக்க விலை 55 முதல் 60 இலட்சம் வரை. ஆகவே டுறூரிக்கு ஆண்டுக்குப் பத்து இலட்சத்துக்கு மேலும், கோமெஸுக்குப் பதின்மூன்று இலட்சத்துக்கு மேலும் மிகையாகக் கொடுக்கப்பட்டன. டுறூரியிடத்துத் தொகையினும் காலமே பெரிய பிழை: முப்பத்தொரு வயதை எட்டியவருக்கு ஐந்தாண்டு. கோமெஸிடத்துத் தொகையும் ஏழாண்டும் இரண்டும் பிழை. மிகைவிலை கொடுத்தனர் என்பதே என் தீர்ப்பு. அத்தீர்ப்பு, அவர்கள் கிண்ணம் வென்றிருந்தாலும் மாறாது.

ஒன்று மறத்தலாகாது. மிகைவிலை கேட்டவர் பிழைசெய்தவரல்லர். கொடுத்தவரே கணக்குக் கூறவேண்டியவர். ஆயினும் அரங்கிலே இரசிகரின் ஏச்சைக் கேட்டவர் விலை வைத்த முகாமையாளரல்லர், விலை பெற்ற ஆட்டக்காரரே. 58 புள்ளி பெற்று, காவல் நின்று, 2008இல் அணித்தலைமையும் ஏற்ற ஒருவர், ஐம்பத்தைந்து இலட்சத்துக்கு வந்திருந்தால் நல்லவர் எனப் போற்றப்பட்டிருப்பார். எழுபது இலட்சத்துக்கு வந்தமையால் ஏமாற்றினார் எனப்பட்டார். மனிதர் அவரே, ஆட்டம் அதுவே, தோளில் ஏற்றிய விலைச்சீட்டு மாத்திரம் வேறு. இது நம் வகுப்பறைக்கும் புறம்பானதன்று. ஒரு பிள்ளையைப் பத்து வயதில் "இவன் டொக்டர்" என்று ஊரறியச் சொல்லி வைத்துவிட்டு, அவன் நல்ல கணக்காளனாய் வந்து நிற்கையில் தோற்றவன்போல நோக்கும் பெற்றாரையும், என்போன்ற ஆசிரியரையும் நாம் அறிவோம். தவறு பிள்ளையினதன்று, நாம் ஒட்டிய சீட்டினது. அத்தவற்றைச் செய்தவருள் யானும் ஒருவன். இருபதாண்டுக்கு மேற்பட்ட ஆசிரியப் பணியில் எத்தனை பேரை அவ்வாறு அளந்தேன் என்பதை எண்ணுகையில் நாணுகின்றேன்.

கதைக்கு ஓர் ஈறு உண்டு. 2021 மே மாதத்திலே றேஞ்சர்ஸ் கழகம் தனக்குப் புதிய முகாமையாளரை நியமித்தது. அவர் வேறெவருமல்லர், கிறிஸ் டுறூரியே. அன்று தோளில் விலை சுமந்தவர், பிறர் தோளில் விலை ஏற்றும் நாற்காலியில் அமர்ந்தார். தம்மை அன்று சந்தை அளந்த விதத்தை அவர் அந்நாற்காலியில் நினைந்திருப்பாராயின், இவ்வழக்கிற் கழகம் கற்கவேண்டிய பாடத்தை அவரினும் நன்கறிந்தார் பிறரிலர்.

விறாந்தையில் வழக்காடிய என் மாணவர் இருவரும் இம்மலரை ரொறன்ரோவிலே பெறுவர். தீர்ப்பு வேண்டினீர்கள், தந்துவிட்டேன். மேன்முறையீடு செய்ய விரும்பின், அடுத்த ஓகஸ்றில் வருக, தேநீர் உண்டு.